நாலாவது வரியில் ஒரு கமா

அவர் முதல்முறை என் கடைக்கு வந்தபோது கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. மடிப்பில் கிழிந்துவிடாமல் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து என் மேசைமேல் வைத்தார்.

"இத கல்லுல போடணும்மா," என்றார். "வீட்ல இருந்தவங்களுக்கு."

மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றார். அரக்கோணம் கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மாளுடைய அப்பா அம்மா பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். வருஷ நினைவு ஜெபத்துக்குள் கல் நிறுத்த வேண்டும். இவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன வீடு. மனைவி ஓர் ஆரம்பப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் தன் கையால் எழுதி இவரிடம் கொடுத்த நாலு வரி இங்கிலீஷ் பாட்டுத்தான் அந்தத் தாளில் இருந்தது.

என் கடை பேருந்து நிலையத்திலிருந்து மலைப்பாதைக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், கூடவே ஸ்டிக்கர் வெட்டும் மெஷின். கல் பட்டறைக்காரர்களிடம் அந்த மெஷின் இல்லை. கல்லில் வரவேண்டிய எழுத்தை நான் ஸ்டிக்கராக வெட்டிக் கொடுப்பேன், அவர்கள் அதைக் கல்லின்மேல் ஒட்டி மணல் அடித்துச் செதுக்குவார்கள். அப்படித்தான் பட்டறைக்காரர் இவரை என்னிடம் அனுப்பியிருந்தார்.

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று எங்கள் தெருவில் ஒரு பேர் உண்டு. தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள். அதில் பாட்டுப் பாடங்களை வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பேற்றினேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். லீவு லெட்டர், பேங்க் மனு, பையனுக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எது கொண்டுவந்தாலும் தப்பைத் திருத்தித்தான் டைப் அடிப்பேன். கேட்காமலே திருத்துவேன். அது எனக்கு ஒரு பெருமை.

தாளைப் படித்தேன். நீல மை, வெளுத்துப்போயிருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மலையையும் ஆற்றையும் தாண்டி உன் ரயில் போகிறது என்று முதல் வரி. தூங்கும்போதுகூட அதன் கூவல் கேட்கிறது என்று இரண்டாவது. உன் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் இருக்கிறேன் என்று மூன்றாவது. நாலாவது வரியின் முதல் சொல்லில் என் விரல் நின்றது.

என், இ, மேலே ஒரு கமா, இ, ஆர். அதற்குப்பின் 'ஆர்ட் தௌ, மை லவ், வித் மீ'. 'ஆர்ட் தௌ' என்பது எனக்குப் பழக்கம்தான். கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகைகளில் வசனம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த முதல் சொல்லை நான் பார்த்ததே இல்லை. திரும்ப மேலே பார்த்தால் முதல் வரியில் 'ஓவர்' என்ற சொல்லில் வி, இ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கமாவும் இ-யும். இரண்டாவது வரியில் 'ஈவன்' என்ற சொல்லிலும் அதே மாதிரி வி-யைக் காணோம்.

"சார், ஸ்பெல்லிங் மூணு எடத்துல தப்பா இருக்கு," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார். "அவங்க டீச்சரும்மா. இங்கிலீஷ் டீச்சர்."

"அவசரத்துல எழுதிருப்பாங்க சார். கை தவறியிருக்கும். கல்லுல ஏறிச்சுனா நாளைக்கு நாலு பேர் பாத்து சொல்வாங்க இல்ல?"

அவர் முகம் வாடியதை அன்றைக்கே கவனித்தேன். மனைவியின் தப்பை வேற்று மனுஷி கண்டுபிடித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் முகம். கவனித்தும் நிறுத்தவில்லை.

"கடைசி வரி ஆரம்பம் நியர்தானே சார்? பக்கத்துல இருக்கறதுக்கு சொல்வோமே, அந்த நியர்?"

"ஆங், நியர்தாம்மா. 'என் அன்பே, நீ என் பக்கத்துலயே இருக்க'ன்னு எழுதிருக்கா." அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "மத்தது நீ பாத்து சரி பண்ணிடும்மா. எனக்கு இப்ப கண்ணு தெரியல."

மூன்றையும் திருத்தினேன். கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு எல்லாம் மறைந்தது. 'ஆர்ட் தௌ'வைக்கூடத் திருத்தலாமா என்று யோசித்து, வசனம் மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய எழுத்தில் வெட்டிக் கொடுத்தேன். அவர் தாளைத் திரும்ப நாலாக மடித்து உறையில் போட்டுக்கொண்டு போனார்.

நினைவு ஜெபம் முடிந்த மறுநாள் ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்து கொடுத்தார். கல் நன்றாக வந்திருக்கிறதாம், போதகர்கூட வரிகளைச் சத்தமாகப் படித்தாராம். "உன் புண்ணியம்மா," என்றார். நான் கேக்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

அது பங்குனியில். அடுத்த மாதம் காலேஜ் பரீட்சை வந்துவிட்டது. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வரும் ஒரு பெண், பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவள், வகுப்பு முழுக்கக் கொடுப்பதற்காகக் கையெழுத்து நோட்ஸ் ஒன்றை ஜெராக்ஸ் போடக் கொண்டுவந்தாள். ஒரே பக்கம் நாற்பது பிரதி. மெஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோ ஒன்பதாவதோ வரும்போதுதான் கண் அதில் போய் நின்றது. பக்கத்தின் நடுவே கட்டம் போட்டு, இடது பக்கம் ஒரு வரிசை சொற்கள், வலது பக்கம் ஒரு வரிசை. இடது பக்கத்தில் முதல் சொல் ஓ, கமா, இ, ஆர்.

"இன்னாமா இது, ஸ்பெல்லிங் தப்பா எழுதி வச்சிருக்க?"

"தப்பு இல்லக்கா. பழைய பொயட்ரில அப்டிதான் வரும். ரெண்டு அசை வர எடத்துல ஒரு அசைதான் வேணும்னா எழுத்த முழுங்கிடுவாங்க. முழுங்கின எடத்துல கமா போடுவாங்க. ஓவர்ன்றத ஓர்னு சொல்லணும். ஈவன்ன்றது ஈன். இட் இஸ்ன்றது டிஸ். இட் வாஸ்ன்றது ட்வாஸ்."

மெஷின் அடுத்த பிரதியைத் தள்ளியது. நான் அதைக் கையில் எடுத்து விரலை வைத்துக் காட்டினேன். "இது?"

"நேர்."

"நேர்னா?"

"நெவர்க்கா. வி போயிடுச்சு."

மீதிப் பிரதிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தாளிலும் அதே கட்டம், அதே சொல். அந்தப் பெண் எண்ணி அடுக்கி எடுத்துக்கொண்டு போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்தாவது படிக்கையில் செய்யுள் விகாரம் என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். தாமரையை மரை என்றால் முதற்குறை. ஓந்தியை ஓதி என்றால் இடைக்குறை. நீலத்தை நீல் என்றால் கடைக்குறை. பாட்டின் ஓசைக்காக எழுத்தை விடலாம், தப்பில்லை என்று தமிழம்மா சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. நம் பாட்டில் எழுத்து போன இடத்தில் எந்த அடையாளமும் வைப்பதில்லை. அவர்கள் ஒரு கமா வைக்கிறார்கள். அந்த அம்மாள் மூன்று இடத்திலும் ஒழுங்காக வைத்திருந்தார். முறையாகப் படித்த ஒருத்தியின் கமாக்களை ஒப்பேற்றிப் படித்த நான் பிழை என்று சொல்லி, அதுவும் அவர் கணவரிடமே சொல்லி, எடுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் இரண்டும் போகட்டும். ஓவர், ஈவன், அர்த்தம் ஒன்றுதான். நாலாவது வரி அப்படி இல்லை. 'என் அன்பே, நீ என் பக்கத்திலேயே இருக்கிறாய்' என்று கல்லில் இருக்கிறது. அந்த அம்மாள் எழுதியது, 'என் அன்பே, நீ ஒருநாளும் என்னுடன் இல்லை.'

ரயில் போகிறது, சத்தம் கேட்கிறது, தட்டை எடுத்து வைக்கிறேன், கதவைச் சாத்தவில்லை. நாலு வரியையும் சேர்த்து இப்போதுதான் முதல்முறையாகப் படித்த மாதிரி இருந்தது. அந்த மூன்று வரிக்குப் பிறகு பக்கத்திலேயே இருக்கிறாய் என்று எப்படி வரும்? டைப் அடிக்கும்போது எனக்கு ஏன் அது தோன்றவில்லை? எழுத்தைத்தான் பார்த்தேன், எழுதியதைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். திருவாலங்காடு பக்கம் எங்களுக்குக் கரும்பு இருக்கிறது. வெட்டுக்காலத்தில் அவர் அங்கேயே தங்கிவிடுவார். அன்றைக்கு ஏதோ வேலையாக வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த பெரியவருக்கே அப்டிதான தெரிஞ்சுகினு இருக்குது?"

"ஆமா."

"அப்ப கம்முனு வுடு. அவரு சந்தோஷமா கீறாரு. செத்தவங்க வந்து கேக்கவா போறாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏறி அரக்கோணம் போனேன். கல்லறைத் தோட்டத்தில் கேட்டு விசாரித்து அந்தக் கல்லைக் கண்டுபிடித்தேன். கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. நான் வெட்டிய எழுத்து. இரண்டு பூச்செண்டுகள் வாடிக் கிடந்தன. யாரோ எதிர் வரிசையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே நாலு வரி. அங்கே நின்று மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் அவர் திரும்ப வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது என்றார். ஊரெல்லாம் காவடிக்காரர்கள், தெருவெல்லாம் மஞ்சள் துணி. கடையில் நிற்க இடமில்லை. அவர் ஓரமாக நின்று, கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அதே பாலித்தீன் உறையை எடுத்தார்.

"இந்த பேப்பர் மடிப்பு விட்டு போவுதும்மா. இதே கையெழுத்து அப்டியே தெரியறாப்ல பெருசா எடுத்து லேமினேஷன் பண்ணி குடு. ஹால்ல மாட்டணும். பொண்ணு பெங்களூர்லேர்ந்து வருது, அதுக்கும் ஒண்ணு குடுக்கலாம்."

மாலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஸ்கேன் செய்து திரையில் விரித்தேன். பெரிதாக்கியதும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என், இ, கமா, இ, ஆர். பேனா அந்தக் கமாவில் ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். அங்கே மை தடித்திருந்தது. கைதவறி வந்த கமா இல்லை அது. இனி அவர் கண்ணுக்கும் இது தெரியும். வீட்டுச் சுவரில் ஒன்று, கல்லில் ஒன்று என்று இரண்டையும் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்ப்பார். யாரிடமாவது கேட்பார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண் வேறு வரப்போகிறாள்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். பழைய போட்டோக்களில் கறை எடுக்கும் வேலை எனக்குத் தெரியும். அந்தக் கமாவை அழித்தேன். தாளின் வெளிறிய மஞ்சளை அந்த இடத்தில் நிரப்பினேன். இரண்டாவது இ-யை எடுத்துவிட்டு, அதே வரியில் இருந்த ஓர் ஏ-யைப் பிரதியெடுத்து அங்கே ஒட்டினேன். மற்ற இரண்டு கமாக்களைத் தொடவில்லை. மொத்தம் ஐந்து நிமிஷம். என், இ, ஏ, ஆர். அந்த அம்மாளின் கையெழுத்திலேயே அது வந்துவிட்டது.

மாலையில் அவர் வந்தார். லேமினேஷன் செய்ததை இரண்டு கையாலும் பிடித்துத் தூரமாக வைத்துப் பார்த்தார். "அப்டியே இருக்குதும்மா," என்றார். இரண்டு பிரதியும் அசல் தாளும் வாங்கிக்கொண்டு காவடிக் கூட்டத்துக்குள் போனார். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது என் வயதுள்ள ஒரு பெண் வந்தார். தோளில் பெரிய பை. அதிலிருந்து லேமினேஷன் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் பாலித்தீன் உறை. அவர் யார் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஏங்க, இதுல இருக்கறது அதுல இல்ல. யார் மாத்தினது?"

"நான்தான்."

பொய் சொல்ல நினைத்தேன். ஸ்கேன் செய்யும்போது அப்படித் தெரிந்துவிட்டது என்று ஒரு வாக்கியம் வாய்வரை வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. கல்லில் நடந்ததைச் சொன்னேன். அப்போது எனக்குத் தெரியாது, பிறகு தெரிந்தது, தெரிந்தபிறகும் இதைச் செய்தேன் என்று சொன்னேன்.

"கல்ல நான் ஜெபத்தன்னிக்கே பாத்தேன்," என்றார். "அப்பாவே அப்டி சொல்லி அடிக்க வச்சிருப்பாருன்னு நெனச்சு விட்டுட்டேன். அவருக்கு அது எப்பவும் நியர்தான். அம்மா என்கிட்ட சொல்லிருக்காங்க. நான் காலேஜ் படிக்கும்போது இந்தப் பேப்பர பாத்துட்டு கேட்டேன், 'ஏம்மா, அப்பாவ இப்டி எழுதிருக்க'ன்னு. சிரிச்சாங்க. 'அவரு நியர்னு படிச்சிட்டாரு, விடு'ன்னாங்க."

"அம்மாவே விட்டுட்டாங்கன்னா…"

"அவங்க விட்டாங்க. அது அவங்க இஷ்டம். நீங்க யாருங்க?"

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"எங்கம்மா வாயத் தொறந்து ஒரு கொறை சொன்னதில்ல. வாழ்க்கைல ஒரே ஒரு தடவ எழுதினாங்க. ஒரு வரி. கல்லுலயும் இல்ல, இப்ப அவங்க கையெழுத்துலயும் இல்ல. இந்த பேப்பர் கிழிஞ்சு போச்சுனா அப்புறம் எங்க இருக்கும் அது?"

அழவில்லை அவர். குரலும் உயரவில்லை. லேமினேஷன் தாளை என் பக்கம் தள்ளினார்.

"சுவத்துலேர்ந்து எடுத்துகினு வந்துட்டேன். ஏன்னு அப்பா கேக்கறாரு. நான் சொல்ல மாட்டேன். நீங்க பண்ணது, நீங்க சொல்லுங்க."

அசல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. இரண்டு நாள் போகவில்லை. மூன்றாவது நாள் மத்தியானம் அவரே வந்தார். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டிருந்தார். கடையில் யாருமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"நாலாவது வரில இன்னாம்மா? பொண்ணு சொல்ல மாட்டேங்குது. உன்னைக் கேக்கச் சொல்லுது."

"அது நியர் இல்ல சார். நேர். நெவர்ன்ற சொல்ல பாட்டுல சுருக்கி எழுதினது. நடுவுல எழுத்து போன எடத்துல அந்தக் கமா."

"தமிழ்ல சொல்லு."

"'என் அன்பே…'" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"சொல்லும்மா."

"'நீ ஒருநாளும் என்கூட இல்ல.'"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"கார்டுக்கு ஒரு பெட்டி குடுப்பாங்கம்மா," என்றார். "லைன் பாக்ஸ்ன்னு. கொடி, லாம்பு, ரூல் புக்கு எல்லாம் அதுலதான் இருக்கும். வண்டி போற எடமெல்லாம் கூடவே வரும். இந்த பேப்பர அதுலதான் வச்சிருந்தேன். ரேணிகுண்டாவுல, ஜோலார்பேட்டையில, எங்க ரெஸ்ட் எடுத்தாலும் மத்த கார்டுங்களுக்கு படிச்சுக் காட்டுவேன். 'பாருங்கடா, எம் பொண்டாட்டி எழுதிருக்கா, எங்க போனாலும் நான் அவ பக்கத்துலயே இருக்கேனாம்'னு. அவனுங்கள்லாம் கிண்டல் பண்ணுவானுங்க. எனக்குப் பெருமையா இருக்கும்."

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வீட்டுக்கு வந்து அவகிட்ட சொன்னேன், 'நல்லா எழுதிருக்கே'ன்னு. அவ என் மூஞ்சிய கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் தட்டு எடுத்து வச்சு சோறு போட்டா. அன்னிக்கே சொல்லிருக்கலாம் இல்ல? நான் என்ன, அடிக்கவா போறேன்? மூணு நாளுக்கு ஒருதரம் வீட்டுக்கு வரவன், கொஞ்சம் முன்ன பின்ன மாத்தி டூட்டி கேட்டிருப்பேன் இல்ல?" என்னைப் பார்த்தார். "ஏம்மா சொல்லல அவ?"

பதில் தெரிந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டார். நானும் பெண் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

அப்போதே மற்றதையும் சொல்லிவிட்டேன். கல்லில் இருப்பது தெரியாமல் செய்தது, லேமினேஷனில் இருப்பது தெரிந்தே செய்தது என்று. கமாவை எப்படி அழித்தேன், ஏ-யை எங்கிருந்து எடுத்தேன் என்பதைக்கூடச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"மொதல்ல பண்ணது போவட்டும். எனக்கே தெரியல, உனக்கு எங்க தெரியும்? ரெண்டாவது ஏன் பண்ண?"

"உங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு சார்."

"எனக்கு கஷ்டமா இருக்கும்னுதான் அவளும் சொல்லாம போயிட்டா." எழுந்துகொண்டார். "ஆளாளுக்கு என்னைப் பாத்துக்கறீங்க."

போவதற்கு முன் அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். காட்டினேன். அழிக்கச் சொன்னார். அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேனா என்று கேட்டார். அதையும் செய்தேன். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

கல்லை மாற்றி எழுத என்னிடம் வருவார் என்று எதிர்பார்த்தேன். காசு வாங்காமல் செய்துகொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் பேசி வைத்திருந்தேன். வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் வேறொரு வேலையாகக் கல் பட்டறைக்குப் போனபோது அந்தக் கல் மரக்கட்டைமேல் படுத்துக் கிடந்தது. அரக்கோணத்திலிருந்து பெயர்த்து வேனில் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தை முழுக்கத் தேய்த்துத் திரும்ப பாலிஷ் போட்டாகிவிட்டது. நான் வெட்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை. புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"ஸ்டிக்கர அரக்கோணத்துலேர்ந்து வெட்டிகினு வந்தாங்கக்கா," என்றார் பட்டறைக்காரர். "நம்ம ஊர்ல நீங்க இருக்கச்சொல்ல அங்க எதுக்குன்னு கேட்டேன். பெரியவரு ஒண்ணும் சொல்லல."

"நான் ஒருதரம் படிச்சுப் பாத்துக்கட்டுமா?"

"பாருங்க. சாயந்தரம் மணல் அடிக்கணும்."

ஸ்டிக்கரில் எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்துவிடுவார்கள். திறந்த இடத்தில் மணல் பட்டுக் கல் குழியும். மூடிய இடம் தப்பிக்கும். குனிந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். முதல் வரி சரி. இரண்டாவது சரி. நாலாவது வரியில் என், இ, இ, ஆர் எல்லாம் எடுத்திருந்தது. நடுவே கமா வெட்டுப்பட்டு இருந்தது, ஆனால் நெம்பி எடுக்கவில்லை. அரிசி அளவுகூட இல்லாத துண்டு, விட்டுப்போயிருக்கிறது. அப்படியே மணல் அடித்திருந்தால் அந்த வரியில் எந்த அர்த்தமும் இல்லாத ஒரு சொல் விழுந்திருக்கும்.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது கறைன்னு நெனச்சேன்க்கா," என்றார். "எடுக்கணுமா?"

"எடுக்கணும். அது எழுத்து மாதிரிதான்."

அவர் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். நானே எடுத்தேன். மெஷின் போடும்வரை நிற்கவில்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டேன். இதைப் பெரியவரிடமோ மகளிடமோ சொல்லிவிடும்படி பட்டறைக்காரரிடம் நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னாரா என்று தெரியாது.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்ச்சான்றுக்காக ரேகை வைக்க என் கடைக்கு வருவார்கள். இவர் வரவில்லை. உழவர் சந்தைப் பக்கம் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது, அங்கே போயிருக்கலாம். தை மாதம் ஒருநாள் ஸ்டேஷனில் பார்த்தேன். அரக்கோணம் போகும் ரயிலுக்காகக் கையில் ஒரு பூச்செண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றேன். "ஆங், இருக்கேம்மா," என்றார். ரயில் வந்தது. நாங்கள் வேறு வேறு பெட்டியில் ஏறிக்கொண்டோம்.